ஹெட் கோச் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்ன மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

ஒரு காலேஜின் பெண்கள் பாஸ்கெட்பால் அணிக்கு உன்னை ஹெட் கோச்சாகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நீ ஃபோனில் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். “ஹெட் கோச்சா? டிவியில் கோட்டு போட்டுக்கொண்டு கத்துவார்களே, அதுவா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். டிவியில் வருகிற காலேஜ் வேறு, உன்னைக் கூப்பிட்டிருக்கிற காலேஜ் வேறு என்று விளக்கிக்கொண்டிருக்கவில்லை. சித்தப்பாவுக்குச் சொல்லப் போய்விட்டார். இந்நேரம் ஊரெல்லாம் தெரிந்திருக்கும்.

உன் தயக்கம் புரியாமலில்லை. பெரிய யுனிவர்சிட்டியில் மூன்றாவது அசிஸ்டென்டாகச் சேர்ந்தால் நல்ல சம்பளம், விமானப் பயணம், பெயர் சொன்னால் நாலு பேருக்குத் தெரியும். இதுவோ டிவிஷன் டூ, அமெரிக்கக் காலேஜ் விளையாட்டில் இரண்டாம் அடுக்கு. மலை நடுவே சின்ன ஊர். வெளியூர் மேட்சுக்கு வேனை நீயே ஓட்ட வேண்டியிருக்குமோ என்று கேட்டாய். ஃபோனில் பதில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். போ. அந்த வேலையை எடுத்துக்கொள்.

நாங்கள் அங்கே வந்திருந்தபோது நாக்ஸ்வில்லில், டென்னசி யுனிவர்சிட்டி பெண்கள் பாஸ்கெட்பால் கோச்சாக இருந்த பாட் சம்மிட்டின் சிலையைக் காட்டினாயே, அன்றைக்கு எனக்கு அவரைப் பற்றி அதிகம் தெரியாது. ஊருக்கு வந்தபிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். 1974-ல் டென்னசி பெண்கள் அணி அவர் கைக்கு வந்தபோது அவருக்கு 22 வயது. மேல்படிப்புக்கு வந்த பெண். இருந்த கோச் விடுப்பில் போகவே, அணியை இவரிடம் கொடுத்துவிட்டார்கள். மாதச் சம்பளம் 250 டாலர். விளையாடிய பெண்களில் சிலருக்கு இவரைவிட ஒரு வயதுதான் குறைவு. அவர்களுடைய ஜெர்சியைத் துவைத்துப் போட்டதும் இவர்தான், வேன் ஓட்டியதும் இவர்தான். அந்த ஜெர்சிகூட அதற்கு முந்தைய வருஷம் டோனட் விற்ற காசில் வாங்கியது. ஒரு தடவை வெளியூரில் எதிரணியின் ஜிம்மிலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். முதல் மேட்ச், மெர்சர் காலேஜோடு. 84-83, ஒரு புள்ளியில் தோல்வி.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மண்டல விளையாட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய், யாரோ ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பெஞ்சையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டுப் படுத்துக் கிடந்த பி.டி. டீச்சர் நான். ராத்திரி முழுக்க எந்தப் பிள்ளை பாத்ரூம் போகிறது, எது அழுகிறது என்று காது அங்கேயே இருக்கும். காலையில் விசில் ஊதும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். அமெரிக்காவிலும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறார்கள்.

அந்தம்மா முதல் தேசியப் பட்டம் ஜெயித்தது 1987-ல். பொறுப்பேற்று 13 வருஷம் கழித்து. அதற்குள் எத்தனையோ தடவை கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். எட்டுப் பட்டம், 1998-ல் 39 மேட்சும் ஜெயித்த சீசன், மொத்தம் 1,098 வெற்றி என்று எல்லாரும் சொல்கிற கணக்கை நானும் சொல்ல முடியும். எனக்குப் பிடித்தது வேறு. அவருடைய பிள்ளைகள் வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும். காரணமில்லாமல் மட்டம் போடக் கூடாது. முழுக்காலமும் அவரிடம் ஆடி முடித்த பிள்ளைகள் அத்தனை பேரும் டிகிரி வாங்கியிருக்கிறார்கள். ஆண்கள் அணிக்கு வரச் சொல்லிக் கேட்டபோது, அது எப்படிப் பதவி உயர்வு ஆகும் என்று திருப்பிக் கேட்டாராம்.

இன்னொன்று, அவருடைய அப்பா. விவசாயி, கறாரான மனுஷன். கிளார்க்ஸ்வில் பள்ளியில் பெண்களுக்கு பாஸ்கெட்பால் அணி கிடையாது என்று தெரிந்ததும், பக்கத்துக் கவுண்டியில் ஹென்ரியெட்டாவுக்குக் குடும்பத்தையே மாற்றிக்கொண்டு போய்விட்டார். பெண் பிள்ளையின் பந்தாட்டத்துக்காக, 1960-களில்! இதை உன் அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். “நாம் மட்டும் என்ன, ஸ்கூட்டரில் எத்தனை வருஷம் கிரவுண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன்” என்றார். அதுவும் சரிதான்.

பெரிய இடத்து நாற்காலி என்கிறாயே, அதையும் பார். சம்மிட்டுக்கு அல்சைமர் என்று 2011-ல் தெரிந்தது, அடுத்த வருஷம் விலகினார். பின்னால் வந்த ஹாலி வார்லிக், கெல்லி ஹார்ப்பர் இருவருமே அவரிடம் விளையாடியவர்கள். ஒருவரை 2019-ல் அனுப்பினார்கள், மற்றவரை 2024-ல். பிறகு யாரை எடுத்தார்கள்? கிம் கால்ட்வெல். வெஸ்ட் வர்ஜீனியாவில் கிளென்வில் ஸ்டேட் என்று ஒரு டிவிஷன் டூ காலேஜ், அவர் படித்து விளையாடியதும் அங்கேதான். அங்கே ஹெட் கோச்சாக 191 ஜெயித்து 24 தோற்றவர். 2022-ல் டிவிஷன் டூ பட்டம். நடுவில் ஒரே ஒரு வருஷம் மார்ஷல் யுனிவர்சிட்டியில். அவ்வளவுதான், டென்னசி கூப்பிட்டுவிட்டது. பெரிய அணியின் பெஞ்சில் மூன்றாவது ஆளாக இருந்து இந்தத் தொழிலைக் கற்றவர் அல்ல. யாரை இறக்குவது, எப்போது டைம்-அவுட் கேட்பது, தோற்றபிறகு டிரெஸ்ஸிங் ரூமில் வாயைத் திறப்பதா மூடுவதா என்பதெல்லாம் தானே முடிவெடுத்துப் பழகியவர். அசிஸ்டென்ட் யோசனை சொல்லலாம், முடிவு ஹெட் கோச் தலையில்தான். அந்தப் பாரம் உனக்கு 28 வயதில் கிடைக்கிறது, விடாதே.

கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. டிவிஷன் டூவில் பெண்கள் அணிக்கு அதிகபட்சம் பத்து ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான பணம்தான். பத்தும் உன் காலேஜ் கொடுக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அதைக் கல்யாண வீட்டுச் சாம்பார் மாதிரி எல்லாருக்கும் எட்டும்படி பரிமாற வேண்டும். இவளுக்குப் பாதி, அவளுக்குக் கால்வாசி, இன்னொருத்திக்குப் புத்தகச் செலவு மட்டும். மிச்சத்தைப் பெற்றவர்கள்தான் கட்ட வேண்டும். அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நீ பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும். அப்படிப் பாடுபட்டு வளர்த்த பிள்ளையும், நன்றாக ஆடினால், காலேஜ் மாற விரும்புகிறவர்கள் பெயர் பதிகிற டிரான்ஸ்பர் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டுப் பெரிய இடத்துக்குப் போய்விடுவாள். கோபித்துக்கொள்ளாதே. நீயும் ஒருநாள் அப்படித்தான் கிளம்புவாய்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் பெரிய மனுஷிகளைப் பின்பற்றாதே. சம்மிட் 1990-ல் நிறைமாதமாக பென்சில்வேனியா வரைக்கும் ஆள் சேர்க்கப் போய், அங்கே பனிக்குடம் உடைந்து, பிள்ளை டென்னசியில்தான் பிறக்க வேண்டும் என்று விமானத்தில் ஏறித் திரும்பியிருக்கிறார். கால்ட்வெல் 2025 ஜனவரியில் பிள்ளை பெற்று, ஒரு வாரத்தில் கோர்ட் ஓரத்தில் நிற்கிறார். பச்சை உடம்புக்காரி! வீட்டில் பெரியவர்கள் யாருமே சொல்ல மாட்டார்களா? எனக்கு ஆறவே இல்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் காலேஜின் விளையாட்டுப் பொறுப்பாளர், அந்த அத்லெடிக் டைரக்டரிடம் நேராகக் கேள். ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கா, மூன்று வருஷத்துக்கா? பத்தில் எத்தனை ஸ்காலர்ஷிப்புக்கு உண்மையில் பணம் இருக்கிறது? சம்பளம் வாங்குகிற அசிஸ்டென்ட் ஒருத்தராவது உண்டா, இல்லை மாணவிதானா? அடிபட்டால் பார்க்க அணிக்கென்று ஆள் உண்டா? வகுப்பும் எடுக்கச் சொல்வார்களா? வாய்ச்சொல்லாக விடாதே, எழுத்தில் வாங்கு. விசா சமாச்சாரத்துக்கு வக்கீல் செலவு யாருடையது என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடு. சங்கடப்படாதே, அவர்களும் எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

பெரியம்மா பையன் பதினைந்தாம் தேதி அட்லாண்டா வருகிறான். பருப்புப் பொடியும் இரண்டு பாட்டில் நல்லெண்ணெயும் கொடுத்துவிடுகிறேன். வேறு ஏதாவது வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல், அதற்குமேல் அவன் பெட்டியில் இடம் இருக்காது.

அன்புடன்,
அம்மா