முடங்கியது மாநாடு, சார்க் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெற்காசியாவின் எட்டு நாடுகள் சேர்ந்த சார்க் அமைப்பைக் கைகழுவிவிட்டு, வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் பக்கம் முழுமையாகத் திரும்புவதே இந்தியாவுக்கு நல்லது என்று தங்கள் இதழின் அண்மைக் கட்டுரை வாதிட்டிருந்தது. 2014 நவம்பரில் காத்மாண்டுவில் கூடிய பிறகு சார்க் தலைவர்கள் மாநாடு நடக்கவில்லை என்பதும், உரி தாக்குதலையடுத்து 2016-இல் இஸ்லாமாபாத் மாநாடு கைவிடப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்பதில் கட்டுரையாளரோடு எனக்கு உடன்பாடில்லை.

1985-இல் டாக்காவில் ஏற்கப்பட்ட சார்க் சாசனம், எந்த மட்டத்திலும் முடிவு ஒருமனதாகவே இருக்க வேண்டும் என்கிறது. இரு நாடுகளுக்கு இடையிலான பூசல்களை அங்கே பேசவும் கூடாது என்கிறது. பூசலைப் பேச இடமில்லை, பூசல் தீராமல் முடிவும் இல்லை என்றால், ஒரு நாடு முகத்தைத் திருப்பிக்கொண்டாலே எட்டு நாடுகளின் வேலையும் நின்றுபோகும். ஒரு நாட்டின் வாகனங்கள் மற்ற நாடுகளுக்குள் செல்ல வழிசெய்யும் மோட்டார் வாகன ஒப்பந்தம் காத்மாண்டுவில் பாகிஸ்தானால் அப்படித்தான் நின்றது. மறு ஆண்டே இந்தியா, வங்கதேசம், பூடான், நேபாளம் நான்கும் தனியாகக் கையெழுத்திட்டும், பூடான் நாடாளுமன்றத்தின் மேலவை ஒப்புதல் தர மறுத்துவிட்டது. அந்த ஒப்பந்தம் இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வராததால்தான், மேற்கு வங்க எல்லையிலுள்ள பெட்ராபோலைக் கடக்கும் நம் லாரி, வங்கதேசப் பக்கத்திலுள்ள பேனாபோலில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புகிறது. அங்கிருந்து டாக்காவுக்கு அதே சரக்கை இன்னொரு லாரியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்யும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் 5 விழுக்காட்டையொட்டியே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாநாட்டைச் சாராத ஏற்பாடுகளின் கதை வேறு. சார்க் நாடுகளுக்கென ரிசர்வ் வங்கி 2012 முதல், அந்நாடுகளின் மத்திய வங்கிகளுக்குக் குறுகிய காலத்துக்கு அந்நியச் செலாவணி கொடுத்து உதவும் நாணயப் பரிமாற்ற வசதி ஒன்றை நடத்தி வருகிறது. அந்நியச் செலாவணி கையிருப்பு கரைந்து இலங்கை தத்தளித்த 2022 ஜனவரியில், இந்த வசதியின் கீழ்தான் அதற்கு 40 கோடி டாலர் கிடைத்தது. அதற்கு எட்டுத் தலைவர்கள் கூட வேண்டியிருக்கவில்லை. விதிமுறை முன்பே எழுதப்பட்டிருந்ததால் இரண்டு மத்திய வங்கிகளே போதுமானவையாக இருந்தன. அதேபோல, 2006-இல் நடைமுறைக்கு வந்த சாஃப்டா என்ற சார்க் நாடுகளின் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் இறக்குமதித் தீர்வைச் சலுகை இல்லாத பொருள்களின் பட்டியலை, வளர்ச்சி குன்றிய நாடுகளுக்கு மட்டும் 25 இனங்களாக இந்தியா 2011-இல் தானாகவே சுருக்கியது. மிஞ்சியவை பெரும்பாலும் மதுவும் புகையிலையும்தான். வங்கதேச ஆயத்த ஆடைகள் தீர்வையின்றி வருவதற்கு அது வழிவிட்டது. (திருப்பூரில் இதுபற்றி மனக்குறை உண்டு, அந்தக் குறை நியாயமற்றது என்றும் நான் சொல்ல மாட்டேன்.)

இனி பிம்ஸ்டெக். பாகிஸ்தான் இல்லாத அந்த அமைப்பு 1997-இல் தொடங்கியது. தடையற்ற வணிகத்துக்கான சட்டக ஒப்பந்தம் 2004-இல் கையெழுத்தானது. அந்தச் சட்டகத்தின்படி எழ வேண்டிய வணிக உடன்பாடோ இன்னும் பேச்சுவார்த்தையிலேயே இருக்கிறது. 2024-இல் நடைமுறைக்கு வந்த அதன் சாசனமும் கருத்தொற்றுமையையே முடிவெடுக்கும் முறையாக வைத்திருக்கிறது. தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியானிலும் கருத்தொற்றுமைதான் விதி. ஆனால் பொருளாதார உடன்பாடுகளை நிறைவேற்றும்போது, தயாராக உள்ள நாடுகள் முன்னே செல்லவும் மற்றவை பிறகு வந்து சேரவும் அதன் சாசனம் இடமளிக்கிறது, அந்த ஏற்பாட்டை எல்லா உறுப்பினர்களும் ஏற்றால். அத்தகைய ஒரு பிரிவை பிம்ஸ்டெக் சாசனத்தில் சேர்க்க இந்தியா முயல வேண்டுமா என்பதைக் கட்டுரையாளர் தமது அடுத்த கட்டுரையில் விளக்குவார் என எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தூத்துக்குடி.