சோறும் வைக்கோலும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. அறுவடை நல்லபடியாக முடிந்தது, மழை பிடிக்கும் முன்பே வைக்கோலைப் போர் போட்டாயிற்று என்று படித்தபோது மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். என் மனைவிக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. காலையில் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்; பூங்கா வரை போய் வருகிறோம்.

உன் பேத்தி கேட்டாளாமே, கார்போஹைட்ரேட், கொழுப்பு, புரதம், நியூக்ளிக் அமிலம் என்று இந்த நான்கையும் எதற்காக மனப்பாடம் செய்ய வேண்டும் என்று. நல்ல கேள்வி. நான்கு பொருள்களின் பட்டியலாகப் படித்தால் யாருக்கும் அலுப்புதான் வரும். எது எதோடு, எந்தப் பக்கமாகப் பிணைந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால் அலுப்பு ஓடிவிடும். இத்தனை வருடம் வேதியியல் நடத்தியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: உயிருள்ளவற்றில் மூலப்பொருள் கொஞ்சம், வித்தியாசம் எல்லாம் கோப்பதில்.

உன் களத்திலேயே சான்று இருக்கிறது. ஒரே நெற்பயிர், மணியில் இருப்பது பெரும்பாலும் ஸ்டார்ச், வைக்கோல் தாளில் அதிகம் இருப்பது செல்லுலோஸ். இரண்டும் குளுக்கோஸ் சங்கிலிகள்தான். குளுக்கோஸின் முதல் கார்பன் அடுத்த குளுக்கோஸின் நான்காவது கார்பனோடு பிணைகிறது, இரண்டிலும் அப்படியே. ஆனால் ஸ்டார்ச்சில் அந்தப் பிணைப்பு ஆல்ஃபா வகை, செல்லுலோஸில் பீட்டா வகை. முதல் கார்பனில் உள்ள ஆக்சிஜன், குளுக்கோஸின் வளையத்துக்குக் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பதுதான் வேறுபாடு. கீழே இருந்தால் சங்கிலி வளைந்து சுருளும். நம் உமிழ்நீரில் உள்ள நொதியே அதை வெட்டிவிடும். மேலே இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு குளுக்கோஸ் தலைகீழாகத் திரும்பி, சங்கிலி நேராக நீளும். நேரான சங்கிலிகள் பக்கத்துப் பக்கத்தில் அடுக்காக அமைந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிக்கொள்ளும். அதை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. மாட்டிடமும் இல்லை, அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன. ஒரே சர்க்கரை, ஒரு பக்கம் திரும்பினால் நமக்குச் சோறு, மறுபக்கம் திரும்பினால் மாட்டுக்குத் தீவனம்.

பேத்தியை ஒன்று செய்து பார்க்கச் சொல். வடித்த கஞ்சியை ஆறவைத்து, ஒரு தட்டில் ஊற்றி, நீர்த்த அயோடின் கரைசலில் ஒரு சொட்டு விடட்டும். விட்ட கணமே கருநீலம் பாயும். பக்கத்தில் சுத்தமான பஞ்சின் மேல் ஒரு சொட்டு விட்டால் வெறும் பழுப்புதான். பஞ்சு ஏறக்குறைய முழுக்க செல்லுலோஸ். ஸ்டார்ச்சின் சுருளுக்குள் நீளமான குழி இருக்கிறது. அயோடின் அதற்குள் வரிசையாகப் போய் உட்காருவதால்தான் அந்த நீலம். நேரான சங்கிலியில் உட்கார இடமில்லை. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறின் வடிவத்தை அவள் சமையலறையிலேயே நிறமாகப் பார்த்துவிடலாம். பார்த்து முடித்ததும் அந்தத் தட்டைக் கழுவி வைக்க மறக்க வேண்டாம் என்று சொல், அயோடின் குடிக்கும் பொருளல்ல.

கொழுப்பைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதையும் நல்லெண்ணெய் உறையாமல் இருப்பதையும் அவள் பார்த்திருப்பாள். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலச் சங்கிலிகள் பெரும்பாலும் நேரானவை, நெருங்கி அடுக்காக அமையும். நல்லெண்ணெயில் பல சங்கிலிகள் இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் முடங்கி நிற்கும்; நெருங்க முடியாது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வும் இதே வகைச் சங்கிலிகளால் ஆனதுதான். சுமார் 5 நானோமீட்டர் தடிமன். அந்த முடக்கு இல்லாவிட்டால் சவ்வு நெகிழாது.

புரதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஈ. கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொண்டால் அதன் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். மீதியில் பாதி, அதாவது மொத்த எடையில் 15 சதவீதம், புரதம். டி.என்.ஏ. என்ற நியூக்ளிக் அமிலம் 1 சதவீதம்தான். புரதங்கள் எல்லாவற்றையும் கோப்பதற்குச் செல்லிடம் இருக்கும் கண்ணிகள் 20 வகை அமினோ அமிலங்கள்.

கொலாஜனைப் பற்றி அவளுக்குக் கட்டாயம் சொல். தோல், தசைநாண், குருத்தெலும்பு என்று உடம்பைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். அதன் வடிவத்தைக் கண்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரன். 1952இல் இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்றபோது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டார். 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, மூன்று சுருள் சங்கிலிகள் பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்த அமைப்பு அது என்றும், 1955இல் அவை ஒன்றை ஒன்று சுற்றி முறுக்கியவை என்றும் நேச்சர் இதழில் எழுதினார். மூன்று சங்கிலிகளின் நடுவே இடம் மிகக் குறைவு. அமினோ அமிலங்களிலேயே சிறியதான கிளைசின் மட்டும்தான் அங்கே நுழையும். அதன் பக்கக் கிளை ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. அதனால்தான் கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசின். அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் முறுக்கு குலைகிறது. பட்டாலே எலும்பு முறியும் பிறவி நோய் பலருக்கு வருவது அப்படித்தான். வைட்டமின் சி குறைந்தால் ஈறில் இரத்தம் வடிவதும் கொலாஜனால்தான்: முறுக்கை நிலைநிறுத்தும் ஒரு மாற்றத்தைச் செய்யும் நொதிக்கு அந்த வைட்டமின் தேவை. ராமச்சந்திரன் 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் தந்தார். உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும் இன்றும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியாமல் போவது எனக்குப் பெரிய வருத்தம்.

மூட்டு வலிக்குக் கொலாஜன் பொடி வாங்கலாமா என்று மனைவி கேட்டாள். எந்தப் புரதத்தைத் தின்றாலும் குடல் அதை அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைத்த பிறகே உடம்பு எடுத்துக்கொள்கிறது. தின்ற கொலாஜன் அப்படியே முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை என்று விளக்கினேன். வாங்கவில்லை.

நியூக்ளிக் அமிலத்துக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின்; அதன் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். எந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் என்பது டி.என்.ஏ.வில்தான் எழுதியிருக்கிறது; அதில் ஓர் எழுத்து மாறினால் அங்கே வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்துவிடுகிறது. வாலினுக்குத் தண்ணீர் ஆகாது. ஆக்சிஜனை விட்டதும் ஒரு ஹீமோகுளோபின் அடுத்ததோடு ஒட்டி நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கிறது. அதுதான் அரிவாள் செல் இரத்தசோகை. இந்தியாவில் இந்தப் பண்பு இருப்பது முதலில் தெரிய வந்ததும் நம் நீலகிரியில்தான், 1952இல், அங்குள்ள பழங்குடி மக்களைப் பரிசோதித்தபோது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இதைப் பெற்ற குழந்தைக்கு எலும்பெல்லாம் வலிக்கும். மலைக் கிராமத்திலிருந்து மருத்துவமனை வரவே ஒரு பகல் ஆகும். ஓர் எழுத்தின் கனத்தை மாணவர்கள் இந்தக் குழந்தைகளை நினைத்துப் படிக்க வேண்டும் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

இவ்வளவையும் ஒரே மூச்சில் படித்துக் காட்டாதே, பயந்துவிடுவாள். கஞ்சியில் தொடங்கட்டும். கேள்வி வந்தால் எனக்கே எழுதச் சொல். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வரப் பார்க்கிறோம்; படி ஏறாத அறை ஒன்றை மனைவிக்கு ஒதுக்கி வை. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழன்