எண்ணூர் மரத்துக்கு எந்த ஊர் காற்றைக் கணக்கில் வைக்கிறீர்கள்?

செயற்கைக்கோள் தரவை வைத்துப் பசுமைக் கணக்கு எழுதும் அதிகாரிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் அலையாத்தி மரங்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்த மரங்கள் இந்த வருடம் எவ்வளவு வளர்ந்தன, எவ்வளவு கார்பனை உள்வாங்கின என்று நீங்கள் தரும் எண்ணைப் பற்றித்தான் இந்த மடல்.

மரம் வளர்வதைச் செயற்கைக்கோள் நேரடியாகப் பார்ப்பதில்லை. நாசா செயற்கைக்கோள்களில் இருக்கும் மோடிஸ் என்ற படமெடுக்கும் கருவியின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விழும் வெளிச்சத்தில் இலை எவ்வளவு பங்கைப் பிடிக்கிறது என்பதுதான் முக்கியமாகப் படத்திலிருந்து வருகிறது. எவ்வளவு வெயில் விழுந்தது, காற்று எவ்வளவு வறண்டிருந்தது, இரவில் எவ்வளவு குளிர்ந்தது என்பதெல்லாம் தனியாக, கட்டம் கட்டமாகக் கணித்து வைத்த ஒரு வானிலைத் தரவுத் தொகுப்பிலிருந்து வருகிறது. வெயிலை 10 சதவீதம் கூட்டிச் சொன்னால் ஒளிச்சேர்க்கையும் 10 சதவீதம் கூடிவிடும், நேர் பெருக்கல். குளிர் அதிகமானால் உற்பத்தியைக் குறைக்கும் குளிர்த் திருத்தத்துக்கு நம் ஊரில் வேலையே இல்லை. ஆனால் வறட்சித் திருத்தம் இருக்கிறதே, காற்று காய்ந்திருந்தால் இலைத்துளை மூடிக்கொள்ளும் என்று உற்பத்தியைக் குறைப்பது, அதில்தான் எங்கள் பிரச்சினை.

அக்னி நட்சத்திர நாளில் மதியம் எண்ணூரில் வந்து நில்லுங்கள். மேற்குக் காற்று அனலாக அடிக்கும், கடல்காற்று திரும்பியதும் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், அதே நேரத்தில் திருவள்ளூர்ப் பக்கம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கும். படத்தில் ஒரு புள்ளி 500 மீட்டர். நாசாவின் மெர்ரா-2 வானிலைத் தொகுப்பில் ஒரு கட்டமோ நம் அட்சரேகையில் ஏறக்குறைய 55க்கு 67 கிலோமீட்டர். கடல், கழிமுகம், மணலி, உள்நாட்டு வயல் எல்லாம் அதற்குள் ஒரே சராசரி! பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்து இடைமதிப்பு போட்டாலும், கடல்காற்று எந்த இடத்தில் நின்றது என்பது அதில் தெரியாது. அப்புறம் கரையோர மரத்துக்கு இல்லாத வறட்சியும், உள்ளே இருக்கிற மரத்துக்கு இல்லாத ஈரமும் கணக்கில் ஏறிவிடும்.

இது என் கற்பனை இல்லை. 2006-ல் வெளியான ஆய்வு ஒன்றில் மூன்று வானிலைத் தொகுப்புகளை அதே மோடிஸ் கணக்கில் போட்டுப் பார்த்தார்கள். உலகத் தாவரங்களின் மொத்த ஒளிச்சேர்க்கையில் வந்த வேறுபாடு ஆண்டுக்கு 2,000 கோடி டன் கார்பனுக்கும் மேல். வேறுபாடு பெரிதாக இருந்தது நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில்தான்.

சரி, என்ன கேட்கிறேன்? ஒவ்வொரு வரைபடத்தோடும் எந்த வானிலைத் தொகுப்பு, எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள். தொகுப்பை மாற்றினால் எண் எவ்வளவு மாறுகிறது என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். சென்னை வானிலை என்றாலே நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும்தான் என்று நிறுத்தாமல், எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு ஆகிய இடங்களின் வெப்பம், ஈரப்பதம், சூரியக் கதிர்வீச்சு மூன்றையும் மணிக்கு மணி அளந்து எல்லோரும் எடுக்கும்படி வெளியிடுங்கள். அதுவரை, ஓர் ஆண்டில் எண் குறைந்தது என்பதற்காக அலையாத்தி நலிந்துவிட்டது என்றோ, கூடியது என்பதற்காக நன்றாக இருக்கிறது என்றோ கோப்பில் எழுதாதீர்கள். முதலில் படகில் வந்து மரத்தைப் பாருங்கள். வழி காட்ட இங்கே ஆட்கள் இருக்கிறோம்.

எண்ணூரிலிருந்து ஒருவன்