ஆண்டவருக்கு நன்றி, உங்களுக்கும்தான்

அன்பானவர்களே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

உங்களில் யாரிடம் நேரில் நன்றி சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது. "எனக்கு எதுக்குத் தம்பி, ஆண்டவருக்குச் சொல்லு." ஆண்டவருக்குச் சொல்லிவிட்டேன், தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நடுராத்திரியில் அலாரம் வைத்து எழுந்து, பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தது நீங்கள், மறுநாள் காலையில் கண் எரிய எரிய வேலைக்குப் போனதும் நீங்கள். அதற்கும் சேர்த்து மேலே பார்த்து ஒரு ஸ்தோத்திரம் போட்டுவிட்டு உங்களைக் கடந்து போக எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். இங்கே யாரும் என்னைக் குறுக்கே மறிக்க முடியாது.

மனுஷருக்கு நன்றி சொல்லும் விஷயத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் கூச்சப்பட்டதே இல்லை. வேதத்தில் அவர் ரோமாவிலுள்ள சபைக்கு எழுதின கடிதத்தின் கடைசி அதிகாரம், ரோமர் 16, வந்தால் பெயர்ப் பட்டியல்தானே என்று வேகமாகத் தாண்டிவிடுகிறோம், ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பெபேயாள் அநேகருக்கும் தனக்குங்கூட ஆதரவாக இருந்தவள் என்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்தவர்கள், தான் மட்டுமல்ல சபைகளெல்லாம் அவர்களுக்கு நன்றியுள்ளவை என்கிறார். ரூபின் தாயைத் தனக்கும் தாய் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார், அந்த அம்மா என்ன செய்தார் என்று நமக்குத் தெரியவே தெரியாது. தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, ஒநேசிப்போரு ரோமாவுக்கு வந்து, சிறையில் இருந்த தன்னைத் தேடிக் கண்டுபிடித்ததை, தன் விலங்கைக் குறித்து வெட்கப்படாததை எழுதி வைக்கிறார். எல்லாம் கிருபை என்று அத்தனை அதிகாரம் எழுதினவருக்கே, மனுஷருக்கு நன்றி சொன்னால் தேவனுடைய மகிமை குறைந்துபோகும் என்ற பயம் இல்லை. எனக்கு மட்டும் எதற்கு?

சரி, விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம் அடைப்பு. வலது கையும் காலும் போனது, அதோடு பேச்சும் போனது. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அக்காவுக்கு. காலையில் எதையோ கேட்க வந்தவர் அம்மாவின் வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதைப் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், வலது கை பாதியிலேயே சரிந்தது. நான் கொஞ்ச நேரம் படுக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டார். அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை 4.5 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அக்கா, அன்றைக்கு உங்களை அனுப்பியது ஆண்டவர்தான் என்று நான் முழுசாக நம்புகிறேன். ஆனால் வந்து பார்த்துவிட்டு "தலைசுற்றலா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கவும் உங்களால் முடியும். நீங்கள் அப்படிப் போகவில்லை.

அடுத்தது வார்டில் இருந்த நர்ஸ் அம்மா. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. வீட்டுக்கு அனுப்பும் முன்னால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடவில்லை என்றால் படுக்கைப் புண் வரும் என்று வெறுமனே சொல்லிவிடாமல் என் கையைப் பிடித்துச் செய்து காட்டினார். தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து உருட்ட வேண்டும், வலுவில்லாத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, இழுத்தால் தோள்மூட்டு நழுவும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, முதுகுக்குப் பின்னால் இன்னொன்று, குதிகால் மெத்தையில் பதியாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். தண்ணீர் கொடுத்தால் புரையேறி நுரையீரலுக்குள் போகும், அதனால் கெட்டியாக்கி, உட்கார வைத்து, ஒவ்வொரு வாயாக. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பயப்படாதீங்க, பிள்ளை வளர்க்கத் தெரியாதவங்களும் பிள்ளை வளர்க்கத்தான் செய்றாங்க."

ஆனால் இரண்டு மணிக்கொரு தடவை என்பது ராத்திரிக்கும் சேர்த்துத்தான். அதுபோக ஒரு மகன் தன் தாய்க்கு உடை மாற்றி, துடைத்துவிட வேண்டும். செய்வதற்கு எனக்குத் தயக்கம் இல்லை. அம்மா இடது கையால் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. பேச முடியாதவரின் கூச்சத்தை யாரும் கேட்பதில்லை. சபையில் பெண்கள் ஐக்கியத்து அக்காக்கள் கேட்டார்கள். இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஒருநாள் கதவைத் தட்டி, "தம்பி, குளிப்பாட்டுறது எங்க வேலை, நீங்க வெளியே போய் உட்காருங்க" என்றார்கள், அவ்வளவுதான். உள்ளிருந்து தண்ணீர்ச் சத்தமும் பேச்சும் கேட்டது, நடுவில் அம்மா சிரிக்கிற சத்தமும் கேட்டது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. யாரோ ஒரு பழைய நோட்டில் கோடு போட்டுக் காலை, மதியம், ராத்திரி என்று கட்டம் பிரித்து, வாசல் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்கள் தங்கள் பெயரை எழுத வேண்டும். இன்றைய கட்டங்கள் எப்போதும் நிரம்பியிருக்கும், நாளைக்கு உரியது பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அடுத்த வாரப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வெறும் கோடுதான். ஆரம்பத்தில் அந்த வெற்றுக் கட்டங்கள் என் தூக்கத்தைக் கெடுத்தன. ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். பட்டியல் பார்த்துக்கொண்ட அக்கா யாத்திராகமம் 16ஐ வாசி என்று மட்டும் சொன்னார். மன்னா கதை ஞாயிறு பள்ளியில் படித்ததுதான், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆண்டவர் தினமும் வானத்திலிருந்து கொடுத்த ஆகாரம் அது. ஆளுக்கு ஒரு ஓமர், அதாவது ஏறக்குறைய 2 லிட்டர். மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு அதிகமானதும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதும் இல்லை. விடியற்காலம் வரை பதுக்கி வைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு மடங்கு. 40 வருஷம் இப்படித்தான் ஓடியிருக்கிறது. கூடாரத்தில் மறுநாளுக்கு ஒரு பிடிகூட இல்லாமல் அவர்கள் எத்தனை ராத்திரி படுத்திருப்பார்கள் என்று இதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. அப்போதும் கவலைப்பட்டேன், மறைக்கவில்லை. ஆனால் கவலைப்பட்டுக்கொண்டே தூங்கப் பழகினேன், சாயங்காலம் ஆனால் கட்டத்தில் யாராவது ஒருவர் பெயர் இருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். "உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற எரேமியா 29:11 எனக்கு வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு எத்தனையோ பேரிடமிருந்து வந்தது. நல்ல வசனம், அன்போடுதான் அனுப்பினீர்கள், அதற்கும் நன்றி. ஆனால் அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள், அதில் 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. சீக்கிரம் சரியாகிவிடும் என்று அதில் எங்கேயும் இல்லை. சொல்லப்போனால், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொன்னவர்களைத்தான் எரேமியா கள்ளத் தீர்க்கதரிசிகள் என்றார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் அம்மாவும் சீக்கிரம் சரியாகவில்லை. விசுவாசம் இருந்தால் இந்நேரம் எழுந்து நடந்திருப்பார் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் சமாதானம் உண்டாவதாக.

போதகர் ஐயாவுக்கு விசேஷ நன்றி. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் ஜெபிக்க முடியவில்லை ஐயா, வார்த்தை வரவில்லை என்று சொன்னபோது, மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை, அதாவது உடம்பு முடங்கிப்போனவனை, இயேசுவிடம் நாலு பேர் சுமந்துகொண்டு வந்தார்களே, அதை ஞாபகப்படுத்தினார். கூட்டத்தில் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்து அவனை இறக்கினவர்கள் அவர்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் இருக்கிறது, படுக்கையில் கிடந்தவனின் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இப்போ நீ சும்மா படு, நாங்க தூக்குறோம்" என்றார். அம்மாவைச் சொல்கிறார் என்று நினைத்தேன், என்னைத்தான் சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி அவரே வந்து உட்கார்ந்துகொண்டு என்னைத் தூங்கப் போகச் சொன்னார். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் போதும் கர்த்தாவே என்று சொல்லிப் படுத்தபோது தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை, எழுந்து சாப்பிடு என்றான், சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தபோதும் கடிந்துகொள்ளவில்லை, இரண்டாம் தரமும் வந்து எழுந்து சாப்பிடு என்றான். ஐயா, உங்களுக்கு அந்த அதிகாரம் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

அப்புறம் பேச்சுப் பயிற்சி கொடுத்த தங்கை. அம்மாவால் என் பெயரைச் சொல்ல முடியவில்லை. தம்ளரைக் காட்டினால் "அது... அது..." என்று திணறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்தத் தங்கை கிறிஸ்தவர் அல்ல, ஆனாலும் அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஜெபம் ஏதாவது உண்டா என்று என்னிடம் கேட்டார். இடப்பக்க மூளை அடிபட்டுச் சொந்தமாகப் பேச முடியாமல் போனவர்களுக்கும் எண்ணுவது, பாட்டு, சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகின ஜெபம் இவை பல சமயம் மிச்சம் இருக்கும் என்றார். நான் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தேன். முதலில் உதடு மட்டும் அசைந்தது. "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்ற இடத்தில் குரல் சேர்ந்துகொண்டது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பதை அம்மா என்னைவிடத் தெளிவாகச் சொன்னார், நான்தான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன், அவர் நிறுத்தாமல் ஆமென் வரைக்கும் போனார். இது அற்புதமா மருத்துவமா என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது, சொல்ல வேண்டிய அவசியமும் தெரியவில்லை. அம்மாவுக்கு இந்த ஜெபத்தைச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது யாரோ, அவர்களுக்கும் நன்றி. தங்கை அன்று தன் நேரம் முடிந்த பிறகும் உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், குறைவாக நினைக்காதீர்கள். மருந்து வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு ஓடின வாலிபர் கூட்டத்துத் தம்பிகள். என் வேலையைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டு மேலாளரிடம் ஒன்றும் சொல்லாத அலுவலக நண்பர்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் காரில் கூட்டிப்போய், திரும்பி வரும்வரை காத்திருந்த எதிர்வீட்டு ஐயா, அவர் கோயிலிலும் அம்மாவுக்காக வேண்டிக்கொண்டதாக அவருடைய மனைவி சொன்னார். கதவிடுக்கில் பெயர் போடாத கவர் வைத்தவர்கள், வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று நீங்கள் நினைப்பதால் நானும் தேடவில்லை. ஒழுகின குழாயை யாரும் கேட்காமலே சரிசெய்துவிட்டுப் போனவர் யார் என்று இன்னும் தெரியவில்லை.

அம்மா இப்போது கைத்தடியோடு வாசல் வரை நடக்கிறார். வலது கை இன்னும் மடங்கியேதான் இருக்கிறது. என் பெயரைச் சொல்கிறார், சில நாள் மாமாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார், நானும் ஏன்மா என்று போய் நிற்கிறேன். விழுங்குவதில் பிரச்சினை இல்லை.

இரவல் கிடைத்த காற்று மெத்தை, சக்கர நாற்காலி இரண்டும் சும்மா இருக்கின்றன. கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன், மெத்தையின் மோட்டாரும் நன்றாக ஓடுகிறது. யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன், காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். பட்டியல் பார்க்கிற அக்காவுக்கு ஒரு வார்த்தை: அடுத்த வீட்டுக்கு நோட்டு போகும்போது ராத்திரிக் கட்டத்தில் என் பெயரையும் எழுதுங்கள். வியாழன் மட்டும் வேண்டாம், மறுநாள் அதிகாலையில் அம்மாவுக்குப் பிசியோதெரபி இருக்கிறது.