ஹெலிபேடில் என்னைப் பிடித்து இழுத்த அண்ணனுக்கு நன்றி

போன மாசம் கன்னியாகுமரியில் ஹெலிகாப்டர் இறங்கும் இடத்தில் தண்ணி தெளிக்கிற வேலைக்குப் போயிருந்தேன். தூசி கிளம்பாமல் இருக்கத்தான் தெளிப்பது. ஆனால் நம்ம ஊர்க் காற்றில் தரை சட்டென்று காய்ந்துவிடும். ஹெலிகாப்டர் தாழ்ந்ததும் மணல் வாரி முகத்தில் அடித்தது. கண்ணுக்குக் கண்ணாடி யாரும் தரவில்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, பறந்த தொப்பிக்குப் பின்னால் ஓடினேன். அதுவும் வால் பக்கமாக, புத்தி கெட்டு!

அந்தச் சத்தத்தில் நீங்கள் கத்தியது எதுவும் கேட்கவில்லை. காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் அமுக்கினீர்கள். சட்டையில் பட்டன் இரண்டு தெறித்தது.

விசிறி நின்ற பிறகுதான் சொன்னீர்கள்: "வாலுல சின்ன விசிறி ஒண்ணு உண்டு மக்கா. சுத்தும்போது கண்ணுக்கே தெரியாது. கிட்ட போணும்னா முன்னால, பைலட் பாக்கிற மாதிரி நில்லு. அவரு கை காட்டின பொறவு குனிஞ்சு போ. பெரிய விசிறி வேகம் குறையும்போது தாழ்ந்து வரும், காத்தடிச்சா இன்னும் தாழும்."

கண்ணைத் தேய்க்க விடாமல் பாட்டில் பாட்டிலாகத் தண்ணி ஊற்றிக் கழுவினீர்கள். பைக்கில் நாகர்கோவில் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவிட்டீர்கள். கருவிழியில் கீறல்தான், ஆறிவிட்டது. (வேலைக்கு வைத்தவர் அரைநாள் கூலியைப் பிடித்தது வேறு கதை.)

நான் சீட்டு வாங்கித் திரும்புவதற்குள் போய்விட்டீர்கள். உங்கள் துண்டு என்னிடம்தான் இருக்கிறது, துவைத்து வைத்திருக்கிறேன். நன்றி அண்ணே.