அத்தைக்கு வாட்டர் பெட் வாங்கிவிடு

அன்புள்ள பாப்பா,

போனில் எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதி அனுப்புகிறேன். அத்தைக்கு வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்திருக்கிறது என்றாயே, அந்த இடத்தை விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பார். வெளுத்து, மறுபடி சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது, உடனே டாக்டரிடம் காட்டு. எப்படி இருந்தாலும் மாப்பிள்ளையிடம் சொல்லி இன்றைக்கே ஒரு வாட்டர் பெட் வாங்கிவிடு. சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும்.

இலவம்பஞ்சு மெத்தை போதாதா என்று கேட்டாய். போதாது. மல்லாந்தே கிடப்பவர்களுக்கு வால் எலும்பு, குதிகால், தோள்பட்டை என்று சில இடங்களில்தான் பாரம் அதிகமாக இறங்கும். அங்கே எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி ரத்த ஓட்டம் தடைபடும். நாம் தூக்கத்திலேயே புரண்டுவிடுவோம். பக்கவாதம் வந்த அத்தையால் புரளவும் முடியாது, செயலிழந்த பக்கம் வலிப்பதும் சரியாகத் தெரியாது. தண்ணீர் உடம்பின் வளைவுக்கு ஏற்ப விலகிக் கொடுத்து எல்லா இடத்திலும் தாங்குவதால் பாரம் பரவிவிடும். ஸ்காட்லாந்து மருத்துவர் நீல் ஆர்னாட் 1830-களிலேயே படுக்கைப் புண்ணுக்காகத்தான் தண்ணீர்ப் படுக்கையைச் செய்தார். நர்ஸாக இருந்த காலமெல்லாம் அதன் பலனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உறுத்தல் குறைந்து நோயாளிகள் இரவில் தூங்குவார்கள்.

மோட்டார் வைத்த ஏர் பெட்டும் நல்லதுதான், ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும். உங்கள் பக்கம் அடிக்கடி கரண்ட் போகிறதே, அதனால்தான் தண்ணீரையே சொல்கிறேன்.

கட்டிலில் ஆணி, சிராய் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மெத்தையை அதன்மேல் விரித்த பிறகு நிரப்பு, நிரப்பிவிட்டால் தூக்க முடியாது. வெதுவெதுப்பான தண்ணீர் விடு, பச்சைத் தண்ணீர் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு மூடு. புடைக்கப் புடைக்க நிரப்பினால் பலகை மாதிரி விறைத்துப்போய் வாங்கியதே வீணாகும். அத்தையைப் படுக்க வைத்ததும் இடுப்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார். எலும்பு கையில் இடித்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். மேலே மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்று போதும், அதையும் இறுக்கிச் செருகாதே. கனமான போர்வைகளை அடியில் மடித்துப் போட்டால் தண்ணீரின் பலன் உடம்புக்குச் சேராது.

மெத்தை வந்துவிட்டது என்று திருப்பிப் படுக்க வைப்பதை மட்டும் நிறுத்திவிடாதே, பாப்பா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியிலும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கி வை. சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்காதே, உள்ளே இன்னும் நசுங்கும். முட்டையும் பருப்பும் தினமும் கொடு.

அப்புறம், சனிக்கிழமை காலை நான் அங்கே வந்துவிடுவேன். இரவில் திருப்பிவிடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு.

அம்மா