நாற்றங்காலில் விளைச்சலை எண்ணாதே

அன்பு நண்பனுக்கு,

கத்தோலிக்கக் குருக்களை உருவாக்கும் குருமடத்துக்கு அதிபர் ஆகிவிட்டாய். இனி 'டேய்' போட்டு எழுதினால் உன் மாணவர்கள் சிரிப்பார்கள். 'பெருமதிப்பிற்குரிய தந்தை அவர்களுக்கு' என்று எழுதினால் நீ சிரிப்பாய். அதனால் நீ, நான் என்றே எழுதிவிடுகிறேன்.

போன வாரம் போனில் கேட்டாய். "உங்க காலேஜுக்குத் தரம் போடுற நாக் கமிட்டி வருதுன்னு அவுட்கம் ஃபார்மெல்லாம் போடுவீங்களே, அதை அனுப்பு. நம்ம குருமடத்துக்கும் ஒன்று தயார் பண்ணணும். படிச்சு முடிச்சுப் போனவங்க எப்படி இருக்காங்கன்னு ஆயர் கேட்கிறார்." ஃபார்ம் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கடிதம். உன்னைப் போல இன்னும் சில அதிபர்களுக்கு இதே வேலை வந்திருக்கும் என்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். உன் பெயரோ குருமடத்தின் பெயரோ இதில் இல்லை, பயப்படாதே.

எங்கள் பிழைப்பை முதலில் சொல்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு 'கோர்ஸ் அவுட்கம்' எழுதுவோம், அதாவது படித்து முடித்தவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று. அவற்றைத் துறையின் 'புரோகிராம் அவுட்கம்' பட்டியலோடு இணைத்து 3, 2, 1 என்று எண் போடுவோம். தேர்வு மதிப்பெண்களை எக்செல்லில் கொட்டினால் கடைசிக் கட்டத்தில் 2.4 என்று ஒரு விடை வந்து நிற்கும். அந்த 2.4 யாரைப் பற்றியது என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. படித்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்குத் தனிப் பகுதி உண்டு. அதற்கு வேலை நியமன ஆணை, மேற்படிப்புச் சேர்க்கைச் சீட்டு என்று நகல் நகலாகச் சேர்ப்போம். இது கொஞ்சம் உருப்படியான வேலை. பி.காம். முடித்த பையனுக்கு வேலை கிடைத்ததா என்பது அவன் அம்மாவுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தானே.

ஆனால் உங்களிடம் இதை எப்படிப் போடுவாய்? குருப்பட்டம் வாங்கிய கையோடு ஆயரின் நியமனக் கடிதமும் வந்துவிடுகிறது. பிளேஸ்மென்ட் நூறு சதவீதம்! அமெரிக்காவில் இறையியல் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏ.டி.எஸ். அமைப்பு, எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் பணியில் சேர்ந்தார்கள் என்று கணக்குக் கேட்கிறது. பல கத்தோலிக்கக் குருமடங்களும் அதில் உறுப்பினர்கள். சபை அழைத்தால்தான் போதகருக்கு வேலை என்றிருக்கும் புராட்டஸ்டன்ட் பள்ளியில் அந்த எண் ஏதோ சொல்லும். ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள மறைமாவட்டக் குருமடத்தில் அது ஆயருக்கு ஆள் பற்றாக்குறை என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாது.

சரி, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குருவானார்கள் என்று எண்ணலாமே என்பாய். அந்த எண்ணுக்கும் ஒரு காலம் இருந்தது. 1893இல் திருத்தந்தை 13ஆம் லியோ கண்டியில் பாப்பிறைக் குருமடத்தை நிறுவியபோது, இந்த மண்ணின் பிள்ளைகளே இந்த மண்ணுக்குக் குருக்களாக வேண்டும் என்பதுதான் நோக்கம். 1955இல் அது புனேவுக்கு இடம் மாறியது. அந்தக் கட்டத்தில் தலைகளை எண்ணுவதில் நியாயம் இருந்தது. வெளிநாட்டுக் குருக்கள் எத்தனை, உள்ளூர்க் குருக்கள் எத்தனை என்பதே கேள்வி. இன்றைக்கு அது கேள்வி இல்லை.

இன்றைக்கு அந்த எண்ணை முதல் வரியில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? உனக்குப் பின்னால் வரும் அதிபர், தயங்கி நிற்கும் பையனைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு வருஷம் பார், எல்லாம் சரியாகிவிடும்" என்பார். நம் காலத்தில் கிளம்பிப் போனவர்களை நினைத்துப் பார். ஒரு நாள் காலைப் பூசைக்கு வந்தால் பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருக்கும். சாப்பாட்டு மேசையில் யாரும் அந்தப் பெயரை எடுக்க மாட்டார்கள். பெட்டி முதல் நாள் இரவே போயிருக்கும். நான் இறையியல் முதலாண்டு முடிந்து போனபோதும் அப்படித்தான். நீ மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாய். எட்டு வருடம் எனக்குச் சோறு போட்டு, கிரேக்கமும் கீபோர்டும் கற்றுக்கொடுத்து, காலையில் ஐந்து மணிக்கு எழும் பழக்கத்தையும் கொடுத்த வீடு அது. அதன் கணக்கில் நான் நஷ்டம். உண்மையில் அப்படியா?

குருமடம் என்பது அழைப்பைத் தேர்ந்து தெளியும் இடம் என்று நீங்களே சொல்கிறீர்கள். தெளிந்து ஒருவன் வெளியே போனால் அதுவும் அந்த இடம் செய்த வேலைதான். அதனால் சேர்ந்த ஆண்டை வைத்துக் கணக்குப் போடு, பட்டம் பெற்ற ஆண்டை வைத்துப் போடாதே. எந்தக் கட்டத்தில் யார் போனார்கள் என்று எழுது. இறையியலுக்கு முந்தைய மெய்யியலில் இருவர் போனால் கவலைப்படாதே. குருப்பட்டம் பெற்று ஐந்தாண்டுக்குள் ஒருவர் போனால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசி. அப்புறம், சதவீதம் போடாதே. 12 பேர் உள்ள வகுப்பில் ஒருவர் போனால் 8 சதவீதம் சரிந்தது என்று அறிக்கை அலறும். போனது ஒரு பையன், அவ்வளவுதான்.

செமினாரியம் என்ற லத்தீன் சொல்லுக்கு நாற்றங்கால் என்று பொருள். நமக்கு அதை லத்தீன் வாத்தியார் சொன்னபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நாற்று பச்சையாக நிற்பதைப் பார்த்து எந்த விவசாயியாவது மூட்டைக் கணக்குச் சொல்வாரா? பறித்து நட்டு, வேர் பிடித்து, ஒரு மழையையும் ஒரு பூச்சியையும் தாண்டிய பிறகுதான் பேச்சு. 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் மறைமாவட்டந்தோறும் குருமடம் வேண்டும் என்று ஆணையிட்டதே, பங்குகளில், அதாவது ஊர்க் கோயில்களில், இருந்த குருக்களின் நிலையைப் பார்த்துத்தான். வயலில் கண்ட குறையில் இருந்து பிறந்த அமைப்பு, அளப்பதை மட்டும் ஏன் வகுப்பறையோடு நிறுத்திக்கொள்கிறது?

1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குருத்துவப் பயிற்சியை மனிதம், ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி என்று நான்காகப் பிரித்தார். மனித உருவாக்கம்தான் அடித்தளம் என்றும் எழுதினார். நீங்கள் மதிப்பெண் போடுவது மூன்றாவதற்கு மட்டும். மற்ற மூன்றுக்கும் விடைத்தாள் பங்கில்தான் இருக்கிறது. அதைத் திருத்தப் பேராசிரியரால் ஆகாது. உபதேசியாரைக் கேள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தின் தலைவியைக் கேள், கன்னியர் மடத்துச் சகோதரியைக் கேள், சாமி வீட்டில் சமைக்கும் அம்மாவைக் கேள். ஆனால் "சாமி எப்படி?" என்று கேட்காதே. நம் ஜனங்கள் எல்லாச் சாமியையும் "நல்ல சாமி" என்றுதான் சொல்வார்கள், மாறுதல் வாங்கிப் போகும் நாள் வரைக்கும். நடந்ததைக் கேள். ராத்திரி உயிருக்குப் போராடுகிறவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கக் கூப்பிட்டபோது எவ்வளவு நேரத்தில் வந்தார்? பங்குப் பேரவையில் வரவு செலவை வாசித்தாரா? போன ஞாயிறு பிரசங்கத்தில் என்ன சொன்னார்? இந்தக் கடைசிக் கேள்வியை என் அம்மாவிடம் போட்டுப் பார்த்தேன். "நீளமா இருந்துச்சு" என்றார்.

இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். கசப்பாகத்தான் இருக்கும். சாதிக்கொரு தெருவாக இரண்டு தெரு உள்ள பங்கில் சாமி இரண்டு தெருவிலும் தண்ணீர் வாங்கிக் குடித்தாரா? சப்பரம் எந்தத் தெருவோடு நின்றது? கல்லறையில் நடுச்சுவர் இருந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினாரா? ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கச் சொல்லும் விடுதலை இறையியலில் 80 மதிப்பெண் வாங்கியவர் அந்தச் சுவருக்கு முன்னால் என்ன செய்தார் என்பதைவிடப் பெரிய தேர்வு முடிவு எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தையும் மறந்துவிடாதே. நம் ஊரில் பங்குத்தந்தை என்றால் பல இடங்களில் பங்குப் பள்ளிக்குத் தாளாளரும் அவர்தான். திருச்சபைச் சட்டப்படி மெய்யியலும் இறையியலும் சேர்த்துக் குறைந்தது முழுதாக ஆறு வருடப் படிப்பு. அதில் திரித்துவம் உண்டு, மறைநூல் விளக்கம் உண்டு. ஆசிரியர் நியமனக் கோப்பு எப்படி இருக்கும், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு என்ன போக வேண்டும், தன் அப்பா வயதுள்ள தலைமை ஆசிரியரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் எங்கே உண்டு? பொறுப்பேற்ற முதல் திங்கட்கிழமையே கையெழுத்துக்குக் கோப்பு வந்து நிற்கும். நம் வகுப்புத் தோழர்களிடம் பேசும்போதெல்லாம் நான் கேட்பது விசுவாசச் சிக்கல் இல்லை. பள்ளிச் சிக்கல், கணக்குச் சிக்கல், தனியாக உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுகிற சிக்கல். இந்த மூன்றும் உன் அறிக்கையில் வந்து, அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்தில் ஒரு வரியாவது மாறினால், அந்த அறிக்கைக்குச் செலவான காகிதம் வீணில்லை.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. இதில் குருக்களின் பெயர் வரவே கூடாது. பெயர் வந்த அன்றே இது மாறுதல் பட்டியலுக்கு உதவும் ரகசியக் கோப்பாகிவிடும். அப்புறம் ஒருவரும் உண்மை பேச மாட்டார்கள். மாணவரைக் குருப்பட்டத்துக்கு ஏற்பதா, வெளியே அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போது, மாணவர் மனம் திறந்து பேசும் ஆன்ம குருவின் கருத்தையோ பாவசங்கீர்த்தனம் கேட்டவரின் கருத்தையோ ஒருபோதும் கேட்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 240 சொல்கிறது. உனக்கே தெரியும். 'ஆன்மிக வளர்ச்சி, 5க்கு எத்தனை' என்று ஒரு கட்டம் போட்டு அதை ஆன்ம குருவிடம் நீட்டிவிடாதே. அந்த வாசல் பூட்டியே இருக்கட்டும்.

உன் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் யாராவது கண்டிப்பாகப் பிரான்ஸ் நாட்டுப் புனிதர் ஜான் மரிய வியான்னியைக் கொண்டுவருவார்கள். லத்தீனில் தேறாதவர், குருமடத்தில் தாக்குப்பிடிக்க முடியாமல் அனுப்பப்பட்டவர், 1815இல் எப்படியோ பட்டம் பெற்று, ஆர்ஸ் என்ற குக்கிராமத்துக்குப் போய், கடைசியில் பங்குத்தந்தையரின் பாதுகாவலர் ஆனவர். ஆகவே எதையும் அளக்க முடியாது என்று முடிப்பார்கள். நாமும் பரீட்சையில் கோட்டை விட்ட போதெல்லாம் அவர் பெயரைத்தானே சொன்னோம். அவருடைய மதிப்பெண் தவறான இடத்தில் அளந்தது என்பதுதான் அந்தக் கதை. ஆர்ஸில் போய்ப் பார்த்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

செய்ய வேண்டிய முதல் வேலை சின்னது. அலுவலக அலமாரியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும், சிவப்பு அட்டை போட்டது. கடைசி 15 ஆண்டை எடுத்து வை. போனவர்களின் பெயருக்கு நேரே கோடு மட்டும் இழுத்து விட்டிருப்பார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாதிப் பேரைப் பற்றி நான் சொல்வேன், மீதிப் பேரைப் பற்றி அவர்களே சொல்வார்கள். எங்களுக்குள் ஒரு வாட்சாப் குழு உண்டு, உனக்குத் தெரியாது.

சனிக்கிழமை மதியம் லேப்டாப்போடு வருகிறேன். சாப்பாட்டு அறையில் இன்னமும் அதே சாம்பார்தான் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடு, வீட்டில் சாப்பிட்டுவிட்டே வருகிறேன்.

அன்புடன்,
பஸ் ஸ்டாண்டு வரை நீ வந்து வழியனுப்பியவன்